போதை நீதிமன்றமும் வராந்தாவில் நின்ற மனிதரும்

போன செமஸ்டரில் ஒரு பாடத்துக்காக மூன்று வியாழக்கிழமைகள் நீதிமன்றத்தில் போய் உட்கார வேண்டியிருந்தது. பயப்படாதீர்கள், பார்வையாளனாகத்தான். சமூகப்பணி படிக்கிறவர்களை இங்கே அமெரிக்காவில் இப்படி எங்காவது அனுப்பிவிட்டு, "பார்த்ததை ஐந்து பக்கம் எழுதிக் கொண்டு வா" என்பார்கள். எழுதிக் கொடுத்தேன், மதிப்பெண்ணும் வந்துவிட்டது. ஆனால் அந்த ஐந்து பக்கத்துக்குள் வைக்க முடியாத ஒன்று மூன்று மாதமாக மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை இங்கே இறக்கி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் போனது போதை நீதிமன்றம். இங்கே 'டிரக் கோர்ட்' என்பார்கள். பெயரைக் கேட்டதும் கடத்தல்காரர்களை விசாரிக்கிற இடம் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. போதைப் பழக்கத்தால் குற்றத்தில் மாட்டிக்கொண்டவர்களைச் சிறைக்கு அனுப்பாமல், ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ நீதிபதியின் நேரடிப் பார்வையில் சிகிச்சையில் வைத்திருக்கிற இடம். சொல்லாமல் கொள்ளாமல் சிறுநீர்ப் பரிசோதனை, கவுன்சிலிங், புரொபேஷன் அதிகாரியைப் பார்ப்பது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீதிபதி முன்னால் வந்து நிற்பது என்று போகும். ஒழுங்காக முடித்தால் வழக்கே தள்ளுபடி ஆகலாம், அல்லது தண்டனை குறையலாம். முடிக்காவிட்டால் பழைய தண்டனை அப்படியே காத்திருக்கும்.

உள்ளே நுழைந்தால் நம்மூர் கோர்ட் மாதிரியும் இல்லை, சினிமாவில் பார்த்த அமெரிக்க கோர்ட் மாதிரியும் இல்லை. ஒரு அம்மா, தொண்ணூறு நாளாக எதையும் தொடவில்லை என்று சொன்னதும் அரசு வக்கீல் உட்பட எல்லோரும் கைதட்டினார்கள். நீதிபதி மேசைமேல் ஒரு கிண்ணம் நிறைய சாக்லேட். நன்றாகச் செய்தவர்கள் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். நாற்பது வயது ஆள் ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டே எடுத்து, பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் குழந்தை இருக்கும் போல. இன்னொருவரிடம், "மகளுக்குப் பல் வலி என்றாயே, இப்போது பரவாயில்லையா?" என்று நீதிபதி விசாரித்தார். எனக்குத் தொண்டையை அடைத்தது. (நான் கொஞ்சம் சீக்கிரம் உருகிவிடுகிற ஆசாமி என்பது என்னோடு படித்தவர்களுக்குத் தெரியும்.)

அப்புறம் ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கலாம். அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அவர் கண் நீதிபதி மேல் இல்லை. சுவரின் மேல் மூலையில் ஏதோ இருப்பதுபோல் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பரிசோதனைக்கு வரவில்லை, ஒரு குழுக் கூட்டத்துக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டார் நீதிபதி. "பஸ்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நீதிபதி கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. "மூன்று நாள்" என்றார். காவலர் வந்து கையைப் பின்னால் கொண்டுபோய் விலங்கு போட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாகக் கூட்டிப்போனார். மொத்தமே நான்கு நிமிடம் இருக்காது. பரிசோதனைக்கு வரவில்லை என்றால் திரும்பவும் எடுத்திருக்கிறான் என்று அர்த்தம், அதுதானே வழக்கம்? நானும் நோட்டில் அப்படித்தான் எழுதினேன்: 'மறுபடி வழுக்கியவர்.'

அந்த வரியை இன்று படித்தால் வெட்கமாக இருக்கிறது. ஏனென்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

இந்த ஏற்பாடு முதலில் வந்தது 1989ல், ஃப்ளோரிடாவின் மயாமியில். கிராக் கொக்கெய்ன் ஊரை ஆட்டிப் படைத்த காலம். பிடிப்பார்கள், உள்ளே போடுவார்கள், வெளியே விடுவார்கள், அதே முகம் அடுத்த மாதம் திரும்ப வந்து நிற்கும். சிறையும் நிரம்பி வழிந்தது. வெறுத்துப்போன நீதிபதிகளும், அன்று அந்த மாவட்டத்தின் அரசு வழக்கறிஞராக இருந்த ஜேனட் ரீனோவும் (பின்னாளில் கிளின்டன் ஆட்சியில் அட்டர்னி ஜெனரல் ஆனவர்) சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். முதல் நீதிபதி ஸ்டான்லி கோல்ட்ஸ்டீன். இன்றைக்கு இந்த வகை சிகிச்சை நீதிமன்றங்கள் பல பெயர்களில் நாடு முழுக்க நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2012ல் 154 மதிப்பீடுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, சாதாரண வழியில் போனவர்களில் 50 சதவீதம் பேர் திரும்பக் குற்றத்தில் மாட்டினால், பெரியவர்களுக்கான போதை நீதிமன்ற வழியில் போனவர்களில் அது சுமார் 38 சதவீதமாகக் குறைகிறது என்று சொன்னது. நல்ல வித்தியாசம்தான். ஆனால் அந்த 38ஐப் பாருங்கள். கைதட்டல், சாக்லேட், நீதிபதியின் கனிவு எல்லாம் இருந்தும் நூற்றுக்கு முப்பத்தெட்டு பேர் திரும்ப வருகிறார்கள். அவர்கள் யார்? எல்லோருமே 'திருந்தாத ஜென்மங்கள்'தானா?

என் கட்சி என்னவென்றால், அவர்களில் கணிசமானவர்கள் இரண்டு நோயோடு வந்து ஒரு நோய்க்கு மட்டும் வைத்தியம் பார்த்துக்கொண்டு போனவர்கள். 2022ல் அமெரிக்க அரசின் ஆய்வுக் கணக்குப்படி, மனநோயும் போதைப் பழக்கச் சிக்கலும் ஒன்றாக இருந்த பெரியவர்கள் 2 கோடியே 15 லட்சம் பேர். தமிழ்நாட்டு ஜனத்தொகையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! இது ஊர் முழுக்க எடுத்த கணக்கு. கோர்ட் வாசலில் வரிசையில் நிற்கிறவர்களிடம் இது இன்னும் அதிகமாக இருக்கும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை. மனச்சோர்வில் இருக்கிறவன் அதை மறக்கக் குடிக்கிறான். குடி சோர்வைக் கூட்டுகிறது. சின்ன வயதில் அடியும் அதைவிட மோசமானதும் பட்ட பெண், இரவில் தூங்குவதற்காக ஒரு மாத்திரையில் தொடங்குகிறாள். எது முதலில் வந்தது என்று பிரிக்கப் பார்ப்பது கோழியா முட்டையா கதை.

ஆனால் இங்கே சிகிச்சை அமைப்பு வெகுகாலம் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தது. மனநல மருத்துவமனைக்குப் போனால், "முதலில் போதையை விட்டுவிட்டு வா." போதை மறுவாழ்வு மையத்துக்குப் போனால், "முதலில் உன் மனநோயைச் சரி பண்ணிக்கொண்டு வா." நம்மூர் தாலுகா ஆபீசில் ஒரு சான்றிதழுக்கு மூன்று ஜன்னலுக்கு அலைந்த அனுபவம் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். 1990களில் டார்ட்மத் ஆய்வாளர்கள், இரண்டையும் ஒரே குழு, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப எழுதினார்கள். இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் அதுதான் இருக்கிறது. நடைமுறையில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்பது வேறு கதை.

நீதிமன்றங்களும் இதே தப்பைச் செய்தன. கடுமையான மனநோய் உள்ளவர்களைப் பல போதை நீதிமன்றங்கள் சேர்த்துக்கொள்ளவே இல்லை. 1997ல் அதே ஃப்ளோரிடாவில், பிரோவர்ட் கவுன்டியில், நீதிபதி ஜிஞ்சர் லெர்னர்-ரென் தலைமையில் மனநல நீதிமன்றம் என்று தனியாக ஒன்று வந்தது. நல்ல காரியம். ஆனால் போதைக்கு ஒரு வாசல், மனநோய்க்கு ஒரு வாசல் என்றால் இரண்டும் இருக்கிறவன் எந்த வாசலில் நிற்பான்? 2013ல் போதை நீதிமன்றத் தொழில்முறைச் சங்கம் வெளியிட்ட தர விதிமுறைகள், தக்க சிகிச்சை வசதி இருக்கும்போது மனநோய் இருப்பதையோ, டாக்டர் எழுதிக் கொடுத்த மனநல மருந்தோ போதை மீட்பு மருந்தோ சாப்பிடுவதையோ காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டன. தாளில் வந்துவிட்டது. நான் போன கோர்ட்டுக்கு வந்திருக்கிறதா என்றால்...

சரி, மூன்றாவது வியாழனுக்கு வருகிறேன். அதே மனிதர் திரும்ப வந்தார். இந்த முறை அவர் வக்கீல் எழுந்து பேசினார். அவருக்கு ஏற்கனவே மனநோய்க்கு மருந்து எழுதியிருக்கிறார்கள். காதில் குரல் கேட்கும் நோய். நீதிமன்றம் அனுப்பிய மீட்புக் கூட்டம் ஒன்றில் யாரோ ஒரு மகானுபாவர், "மாத்திரை எதுவானாலும் மாத்திரைதான், அதை முழுங்கிக்கொண்டு சுத்தமாக இருக்கிறேன் என்று சொல்லாதே" என்று சொல்லியிருக்கிறார். இவர் அதை நம்பி, நல்லவனாக இருக்க ஆசைப்பட்டு, மருந்தை நிறுத்திவிட்டார். இரண்டு வாரத்தில் குரல்கள் திரும்ப வந்துவிட்டன. பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுவதுபோல் இருந்ததாம். அதனால் ஏறவில்லை. பரிசோதனைக்குப் போகவில்லை. போதையை அவர் தொடவே இல்லை!

அன்றைக்கு அவர் சொன்ன "பஸ்" என்ற ஒரு வார்த்தை பொய்ச்சாக்கு இல்லை. முழு உண்மை. கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் அது புரியவில்லை. அதற்குச் சம்பளமாக மூன்று நாள் சிறை. மருந்து ஏற்கனவே நின்றுபோன ஒரு மனநோயாளிக்கு, இரவெல்லாம் கத்தலும் விளக்கும் அணையாத ஓர் அறையில் மூன்று நாள்.

இதை யார் கண்டுபிடித்தது தெரியுமா? கவுன்சிலர் இல்லை, புரொபேஷன் அதிகாரி இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. வராந்தாவில் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருப்பார். முதல் நாள் நான் அவரை யாரோ ஒரு பிரதிவாதி என்று நினைத்தேன். அவர்தான் அந்த நீதிமன்றத்தின் பகுதிநேர 'பியர்'. (பீர் என்று படித்துவிடாதீர்கள், வேலையே வேறு.) முழுப்பெயர் பியர் ரெக்கவரி ஸ்பெஷலிஸ்ட். தமிழில் தோழர் என்றால் கட்சிக்காரர் மாதிரி இருக்கிறது, சகா என்றால் பஞ்சபாண்டவர் காலத்துக்குப் போய்விடுகிறது. துணைவர் என்று வைத்துக்கொள்கிறேன். தானும் போதையிலோ மனநோயிலோ விழுந்து எழுந்தவர், அந்த அனுபவத்தையே தகுதியாக வைத்து, பயிற்சியும் சான்றிதழும் பெற்று, சம்பளத்துக்கு இன்னொருவரோடு கூட நடப்பவர்.

சிறையிலிருந்து வந்த மனிதரின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் துணைவர் கேட்டது ஒரே கேள்விதானாம். பிறகு நான் அவரிடமே பேசியபோது சொன்னார். "எனக்கும் கேட்டிருக்கு. உனக்கு என்ன சொல்லுது?"

இந்தக் கேள்வியை எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு நான் கேட்க முடியுமா? முடியாது. முதல் வாக்கியம் என்னிடம் இல்லை. அதுதான் விஷயம்.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. 1935ல் ஓஹையோவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிகாரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசி ஆரம்பித்த ஏ.ஏ. இயக்கத்தின் அடிப்படையே இதுதான். ஆனால் ஏ.ஏ.யில் வரும் ஸ்பான்சரும் இந்தத் துணைவரும் ஒன்றல்ல. ஸ்பான்சர் தன் வழியில், பன்னிரண்டு படி வழியில், கூட்டிப்போவார். சம்பளம் கிடையாது, மேற்பார்வை கிடையாது. துணைவர் எந்த வழியானாலும் சரி என்பார். மருந்து வழியா, கோயில் வழியா, ஒன்றுமில்லாமல் தினம் ஓடப்போவதா, உன் இஷ்டம். அவருக்கு மேலே ஒரு மேற்பார்வையாளர் உண்டு. 2007ல் மெடிகெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) துறையே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, பயிற்சி, சான்றிதழ், மேற்பார்வை இருந்தால் இந்தச் சேவைக்குப் பணம் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. 2023ல் சான்றிதழுக்கு தேசிய அளவில் மாதிரி விதிகளும் வந்தன.

நீதிமன்றத்துக்குள் இதன் அருமையைக் காட்டிய ஒரு கதை உண்டு. நியூயார்க் மாநிலம் பஃபலோவில் நீதிபதி ராபர்ட் ரஸல் போதை நீதிமன்றமும் மனநல நீதிமன்றமும் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு வியட்நாம் போர் வீரர் வந்து நின்றார். எதைக் கேட்டாலும் பதிலில்லை, தலை குனிந்தே இருந்தது. நீதிபதிக்கு ஒன்று தோன்றியது. கோர்ட்டில் வேலை பார்த்த இருவர் அதே போருக்குப் போனவர்கள். அவர்களைக் கூப்பிட்டு, "வெளியே கூட்டிப்போய்க் கொஞ்சம் பேசிப் பாருங்கள்" என்றார். திரும்பி உள்ளே வந்தபோது அந்த மனிதர் சிப்பாய்போல் நிமிர்ந்து நின்று, முயற்சி செய்கிறேன் என்று சொன்னாராம். 2008ல் ரஸல் போர்வீரர்களுக்கென்றே தனி நீதிமன்றம் தொடங்கினார், ஒவ்வொருவருக்கும் இன்னொரு போர்வீரர் வழிகாட்டியாக. இன்றைக்கு அது பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. சட்டம் படித்த, அனுபவமுள்ள ஒரு நீதிபதியால் திறக்க முடியாத கதவை வராந்தாவில் சில நிமிடப் பேச்சு திறந்திருக்கிறது. அந்த நீதிபதி அதைத் தன் தோல்வியாக நினைக்காமல், அதையே ஒரு முறையாக்கினாரே, அதுதான் பெரிய மனசு.

மயாமிக்கே திரும்பினால், அங்கே நீதிபதி ஸ்டீவன் லைஃப்மன் 2000ல் தொடங்கிய மனநலத் திட்டத்திலும் துணைவர்கள் உண்டு. சிறையிலிருந்து வெளியே வருகிறவரோடு வீடு தேட, மருந்துக்கடைக்குப் போக, அடையாள அட்டை வாங்கக் கூடவே போவார்கள். சின்ன வேலைகள்தான். ஆனால் மனம் கலங்கியவனுக்கு ஒரு அடையாள அட்டை வாங்குவது இமயமலை ஏறுவது மாதிரி.

சென்னையில் சட்டம் படிக்கிற நண்பனிடம் போனில் இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். "ஏன் மச்சி, தப்பு பண்ணவனுக்கு கைதட்டு, சாக்லேட்டு, இப்போ கூடப் போக ஒரு ஆளுமா? ஒழுங்கா இருக்கிறவனுக்கு என்னடா தர்றீங்க?" என்றான். நியாயமான கேள்விதான். அவனுக்கு அன்று சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். 2007ல் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளியே வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்து வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் போதை மிகையால் சாகும் அபாயம் மற்ற மக்களைவிட 129 மடங்கு. காரணம் எளிது. உள்ளே இருக்கும்போது உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வெளியே வந்தவன் பழைய ஞாபகத்தில் பழைய அளவை எடுக்கிறான். முடிந்தது. நாடு முழுக்க 2022ல் போதை மிகையால் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். 2024ல் அது சுமார் 80 ஆயிரமாக இறங்கியதையே பெரிய நிம்மதியாக இங்கே பேசினார்கள். என் நண்பன் சொல்கிற 'தப்புக்குத் தண்டனை' இதில் எத்தனை பேருக்கு மரண தண்டனையாக முடிகிறது? பொட்டலம் வைத்திருந்ததற்கு எந்தச் சட்டமும் அவர்களுக்கு அதை விதிக்கவில்லையே.

எதிர்க்கட்சி வாதங்களில் இதைவிட எனக்குக் கனமாகப் படுவது வேறு இரண்டு.

முதலாவது, ஆதாரம். துணைவர்களால் பலன் உண்டு என்பதற்கு, போதை நீதிமன்றத்துக்கு இருக்கிற அளவு கனமான ஆய்வுகள் இன்னும் இல்லை. 2019ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, பலன் நம்பிக்கை தருகிறது, ஆனால் ஆய்வுகளின் தரம் ஏற்ற இறக்கமாக இருக்கிறது என்கிற மாதிரிதான் முடிகிறது. நான் பார்த்த ஒரு கதையை வைத்துக்கொண்டு அதை மறுக்க மாட்டேன். ஆனால் கடினமான ஆதாரம் வரும்வரை காத்திருப்போம் என்கிறவர்கள், மூன்று நாள் சிறைக்கு மட்டும் ஏன் அந்த ஆதாரத்தைக் கேட்பதில்லை?

இரண்டாவதுதான் உண்மையான முள். துணைவர் யாருடைய ஆள்? நீதிமன்றம் கூடுவதற்கு முன் நீதிபதி, வக்கீல்கள், புரொபேஷன், சிகிச்சையாளர் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொருவரைப் பற்றியும் பேசுவார்கள். அந்த மேசையில் துணைவரும் உட்கார்ந்து, "நேற்று இரவு என்னிடம் ஒரு விஷயம் சொன்னான்" என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது. அடுத்த வாரம் அந்த வராந்தா பெஞ்சில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். புரொபேஷன் அதிகாரிக்கு ஒரு ஒற்றர் கிடைப்பார், அவ்வளவுதான். என் அபிப்பிராயத்தில் துணைவர் அந்த மேசைக்கு வரவே கூடாது. சந்தித்தாரா இல்லையா என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு, அதையும் முதல் நாளே அந்த மனிதரிடம் சொல்லிவிட வேண்டும். சம்பளமும் கோர்ட் கையால் வரக் கூடாது, வெளியே ஒரு சமூக அமைப்பு மூலமாக வர வேண்டும். சம்பளம் கொடுப்பவர் கேட்டால் யாரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்?

இதோடு சேர்ந்தது கட்டாயம். 2007ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஹவாயில் பௌத்தர் ஒருவரை, கடவுள் நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்ட பன்னிரண்டு படி கூட்டத்துக்குப் போகச் சொல்லி பரோல் அதிகாரி வற்புறுத்தி, போகாததற்கு அவர் மறுபடி சிறைக்குப் போக நேர்ந்தது. அது மதச் சுதந்திரத்துக்கு விரோதம் என்றது தீர்ப்பு. அதே புத்தி இங்கேயும் வேண்டும். துணைவரைப் பிடிக்கவில்லை என்றால் வேறொருவரைக் கேட்கலாம், யாரும் வேண்டாம் என்றும் சொல்லலாம். அதற்காக ஒருவனுக்கும் தண்டனைப் புள்ளி விழக் கூடாது. கட்டாயப்படுத்தி உண்டாக்குகிற சிநேகம் சிநேகமா?

மருந்து விஷயம் ஒன்று பாக்கி. "மாத்திரை எதுவானாலும் மாத்திரைதான்" என்கிற அந்த மகானுபாவர் தனி ஆள் இல்லை, ஒரு பெரிய பரம்பரை. ஹெராயின் வகைப் பழக்கத்துக்கு மெதடோன், பியூப்ரினார்ஃபின் என்று சாவைக் குறைக்கிற மருந்துகள் இருந்தும், அதைச் சாப்பிடக் கூடாது என்று சொன்ன நீதிமன்றங்களே இங்கே இருந்தன. 2015ல் மத்திய அரசு, அப்படித் தடுத்தால் மானியம் கிடையாது என்றது. 2022ல் பென்சில்வேனியா மாநில நீதிமன்ற அமைப்பின் மேலேயே மத்திய நீதித்துறை இதற்காக வழக்குப் போட்டது. நீதிபதிகளே டாக்டரானால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். ஆனால் பாருங்கள், நல்ல துணைவர் கிடைக்காவிட்டால் கெட்ட துணைவர் கிடைப்பார். மருந்தை நிறுத்தச் சொன்னவரும் 'விழுந்து எழுந்தவர்'தான். அனுபவம் மட்டும் போதாது என்று பயிற்சியையும் மேற்பார்வையையும் நான் இழுப்பது இதனால்தான். "எனக்கு நடந்தது உனக்கும் நடக்கும்" என்று நினைக்காமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், அது லேசில் வராது.

முதல் நாளே மனநிலையைச் சோதிப்பது பெரிய செலவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிறைகளுக்கென்றே செய்த ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. எட்டே கேள்வி, ஆமாம் இல்லை என்று பதில், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று அது காட்டிவிடும். அனுப்பினால் அங்கே மருத்துவர் இருக்க வேண்டும் என்பது வேறு பிரச்சினை. கிராமப்புறக் கவுன்டிகளில் மனநல மருத்துவரைப் பார்க்க மாதக் கணக்கில் காத்திருக்கிறார்கள்.

துணைவர்களின் கஷ்டமும் கொஞ்சநஞ்சம் இல்லை. எந்தக் குற்றப் பதிவு அவர்களை இந்த வேலைக்குத் தகுதியாக்குகிறதோ, அதே பதிவைக் காட்டி வேலைக்கு எடுக்க மறுக்கிற அலுவலகங்கள் உண்டு. சம்பளம் குறைவு. தினம் தினம் தன் பழைய நரகத்தை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும். கூட நடந்தவர் செத்துப்போனால் அடுத்த நாள் காலை வந்து வேறொருவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும். ஸ்வெட்டர்க்காரரிடம் இதைக் கேட்டேன். தன் போனில் ஐந்து எண்கள் இருக்கின்றன, கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள், ஆனாலும் அழிக்க மனம் வரவில்லை என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாவது வியாழன், வக்கீல் பேசி முடித்ததும் நீதிபதி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அன்று நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்" என்றார். மனநல மருத்துவரைப் பார்க்க உத்தரவு போட்டார். பரிசோதனை நடக்கும் இடத்தை வீட்டுக்குப் பக்கமாக மாற்றச் சொன்னார். நான் வெளியே வந்தபோது இருவரும் காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். "பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் ஸ்வெட்டர்க்காரர். "நாலு இருபது." "இந்த வாரம் நானும் வர்றேன். ஜன்னல் பக்கம் நீ உட்கார்."

அவர் வேலைக்கான மானியம் இந்த செப்டம்பரோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று கவுன்டி கமிஷனர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். பொதுமக்கள் பேசலாமாம், ஆளுக்கு மூன்று நிமிடம். பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இவ்வளவையும் மூன்று நிமிடத்துக்குச் சுருக்குவது எப்படி என்றுதான் இப்போது உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.